ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மறுத்தவர்கள் தூக்கில் தொங்கினார்கள்: சேலம், 1692

திண்ணைவாசி:

தலைப்பைப் பார்த்துவிட்டு ஓமலூர் பக்கம் ஏதோ நடந்தது என்று ஓடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது மாம்பழச் சேலம் இல்லை. அமெரிக்காவில், அன்றைக்கு இங்கிலாந்தின் காலனியாக இருந்த மாசசூசெட்ஸில் உள்ள சேலம். அங்கே நடந்த சூனிய வழக்குகளின் விசாரணைப் பதிவுகள், வாக்குமூலங்கள், மனுக்கள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஒரு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதைத்தான் படிக்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

கதை தெரியாதவர்களுக்கு: 1692 ஜனவரியில் சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் அவருடைய மகள் பெட்டிக்கும் (வயது 9), உறவுக்காரப் பெண் அபிகெயிலுக்கும் (வயது 11) வலிப்பு போல வந்தது. கத்தினார்கள், கை கால் முறுக்கிக்கொண்டது. வைத்தியர் பார்த்துவிட்டு, இது கெட்ட கை பட்டதால் வந்தது என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் யோசனை சொல்ல, கோதுமை வகையைச் சேர்ந்த ரை என்ற தானியத்தின் மாவில் அந்தச் சிறுமிகளின் சிறுநீரைக் கலந்து அடை சுட்டு நாய்க்குப் போட்டார்கள். சுட்டது, பாரிஸ் வீட்டு அடிமை டிட்டுபாவும் ஜான் இந்தியனும். பிப்ரவரி 29 அன்று மூன்று பெண்கள் மேல் வாரண்ட்: டிட்டுபா, பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட், படுத்த படுக்கையாகக் கிடந்த சாரா ஆஸ்போர்ன்.

அங்கிருந்து அடுத்த ஏழு மாதத்தில் 19 பேர் தூக்கில், ஒருவர் கற்களுக்கு அடியில் நசுங்கி, குறைந்தது 5 பேர் சிறையிலேயே சாவு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150-க்கும் மேல்.

எனக்குத் தூக்கம் கெட்டது இந்த எண்களால் இல்லை. ஐம்பது பேர் வரைக்கும் "ஆமாம், நான் சூனியக்காரிதான், சாத்தானின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன்" என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த வாக்குமூலத்தில் நின்றவர்களில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை. செத்தவர்கள் எல்லாம் இல்லை என்று மறுத்தவர்கள். ஒரு நீதிமன்றம் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேரும்? வக்கீல்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:

அண்ணே, உயிரோடு எரித்தார்கள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தூக்கா?

திண்ணைவாசி:

தூக்குத்தான் தம்பி. ஐரோப்பாவில் பல இடங்களில் எரித்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் சூனியம் கொலை, கொள்ளை மாதிரி ஒரு குற்றம், அதற்குக் கயிறு. சேலத்தில் ஒருவரைக்கூட எரிக்கவில்லை.

கறுப்புக்கோட்டு:

கீழ்க்கோர்ட்டில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த வழக்குகளின் முடிச்சு ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஆவிச் சாட்சியம்.

பாதிக்கப்பட்ட பெண் நீதிமன்றத்தில் என்ன சொல்கிறாள்? "இவளுடைய உருவம் நேற்று ராத்திரி என் படுக்கைக்கு வந்தது, என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது." அந்த உருவம் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவள் என்ன பதில் சொல்ல முடியும்? ராத்திரி நான் வீட்டில் புருஷன் பக்கத்தில் படுத்திருந்தேன் என்றால், உடம்பு அங்கேதான் இருந்திருக்கும், உருவம்தான் வந்தது என்பார்கள். எந்த வழக்கிலும் எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒரு கடைசிப் பிடி உண்டு, நான் அந்த இடத்தில் இல்லை என்று சொல்வது. அதையே பிடுங்கிவிட்டார்கள்.

சாத்தான் ஒரு நிரபராதியின் உருவத்தை எடுத்துக்கொண்டு வர முடியாதா என்று அன்றைக்கே கேட்டார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் உருவத்தைச் சாத்தான் எடுக்க முடியாது என்று அடித்துச் சொன்னார். உருவம் வந்ததா, அப்படியானால் ஒப்பந்தம் போட்டிருக்கிறாள், முடிந்தது. ஸ்டௌட்டன் படித்தது வேதசாஸ்திரம். அந்த நீதிபதிகள் குழுவில் முறையாகச் சட்டம் படித்தவர் ஒருவர்கூட இல்லை. எதிரிகளுக்கு வக்கீலும் கிடையாது.

முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப், ஜூன் 10. அதற்கு அப்புறம் நாத்தானியேல் சால்ட்டன்ஸ்டால் என்ற நீதிபதி விலகிப் போய்விட்டார். மற்றவர்கள் நாற்காலியை விடவில்லை. ஜூன் 15 அன்று பாஸ்டன் போதகர்கள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஆவிச் சாட்சியத்தை நம்பி அவசரப்படாதீர்கள் என்று மேலே எழுதிவிட்டு, வழக்கைச் சுறுசுறுப்பாக நடத்துங்கள் என்று கீழே முடித்திருந்தார்கள். நீதிபதிகள் கீழே இருந்ததை மட்டும் படித்தார்கள் போல.

பனையோலை:

வக்கீல் சார் சட்டம், சாஸ்திரம் என்று சுற்றி வளைக்கிறார். எனக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அந்தப் பெண்கள் புளுகினார்கள். அவ்வளவுதான்.

ரெபெக்கா நர்ஸ் வழக்கில் (நர்ஸ் என்பது குடும்பப் பெயர், வேலை இல்லை) அந்தக் குடும்பத்துப் பெண் சாரா நர்ஸ் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. பிபர் என்ற பெண்மணி தன் உடுப்பிலிருந்து குண்டூசிகளை உருவி விரல் இடுக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறார். பிபர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, திடீரென்று "ஐயோ, நர்ஸ் அம்மாள் என்னைக் குத்துகிறாள்" என்று அலறினாராம். பிபர் சின்னப் பெண்ணும் இல்லை, கல்யாணமான நடுத்தர வயதுக்காரி.

இன்னொன்று சாரா குட்டின் விசாரணையில். ஒரு பெண் தன்னைக் கத்தியால் குத்திவிட்டாள் என்று கத்தி, ஒடிந்த கத்தி நுனியையும் எடுத்துக் காட்டினாள். கூட்டத்தில் இருந்த ஒரு பையன் எழுந்து, அது என் கத்தி, நேற்று ஒடிந்தது, இவள் பார்க்கத்தான் நுனியைத் தூக்கி எறிந்தேன் என்று மீதிக் கத்தியை எடுத்துக் காட்டினான். இரண்டும் சரியாகப் பொருந்தின. நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? இனிமேல் பொய் சொல்லாதே என்று அவளைக் கண்டித்துவிட்டு, அவளையே தொடர்ந்து சாட்சி சொல்ல வைத்தார்.

கறுப்புக்கோட்டு:

அம்மா, நீங்கள் கடைசியில் சொன்னதுதான் நான் சொல்வதும். பொய் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் கட்சிக்காரர்களிலேயே பாதிப் பேர். கத்தி பொருந்திய பிறகும் சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்காத நீதிபதி எப்போதாவதுதான் வாய்ப்பார்.

நீலாம்பல்:

நான் செவிலியராக வேலை பார்க்கிறேன். ரை தானியத்தில் வரும் எர்காட் என்ற பூஞ்சைதான் இதற்கெல்லாம் காரணம் என்று ஒரு காணொளி சுற்றிக்கொண்டே இருக்கிறது, யாராவது இங்கேயும் கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1976-இல் ஒருவர் முன்வைத்த கருத்து அது. அதே வருடமே மறுப்பும் வந்துவிட்டது.

எர்காட் விஷம் ஏறினால் ஒரே பானையில் சாப்பிட்ட வீடு முழுக்கப் படுக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் எறும்பு ஊர்வது மாதிரி உணர்வு எல்லாம் இருக்க வேண்டும். சேலத்தில் அந்தப் பெண்களுக்கு வலிப்பு எப்போது வந்தது? குற்றம் சாட்டப்பட்டவள் உள்ளே நுழைந்ததும். எப்போது நின்றது? நீதிபதி அவளை வெளியே அனுப்பியதும், அல்லது அவள் கை பட்டதும். அவள் உதட்டைக் கடித்தால் இவர்களும் கடித்துக்கொண்டார்கள். பூஞ்சைக்குக் கண் தெரியாது.

அதற்காக எல்லாமே நடிப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வார்டில் ஒரு பெண் மயங்கி விழுந்தால் அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் நான்கு பேர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத்துடிப்பு எல்லாம் சரியாகவே இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் நோயும் இல்லை. முதல் வாரத்தில் அந்த இரண்டு குழந்தைகளுக்கு அப்படி ஏதாவது இருந்திருக்கலாம். குண்டூசி கதை அதற்கப்புறம் வந்தது.

கடைசி பெஞ்ச்:

பூஞ்சைக்குக் கண் தெரியாதா 😄 அந்தக் காணொளியை எங்கள் குடும்பக் குழுவில் போட்டதே நான்தான். நீக்கிவிடுகிறேன் அக்கா.

திண்ணைவாசி:

பனையோலை அம்மா, புளுகினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நிறுத்த நினைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

மேரி வாரன் என்று ஒரு பெண், ஜான் புராக்டர் வீட்டில் வேலைக்காரி. ஆரம்பத்தில் அவளுக்கும் வலிப்பு வந்தது. புராக்டர் அவளை ராட்டையில் உட்காரவைத்து, எழுந்தால் அடி விழும் என்று மிரட்டினார். வலிப்பு நின்றுவிட்டது. அப்புறம் அவள், மற்றப் பெண்கள் பாசாங்குதான் செய்கிறார்கள் என்று வெளியே சொல்ல ஆரம்பித்தாள். உடனே அந்தப் பெண்கள் அவளையே சூனியக்காரி என்று கை காட்டினார்கள். சிறைக்குப் போனாள். சில வாரங்களில் பழையபடி வலிப்பு, பழையபடி சாட்சி. தன் எஜமானர் புராக்டருக்கு எதிராகவே.

இன்னொருத்தி சாரா சர்ச்சில், அவளும் வேலைக்காரிதான். தன் எஜமானருக்கு எதிராகச் சாட்சி சொன்னவள். என்னைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் பொய் சொல்லிவிட்டேன் என்று தெரிந்த ஒருத்தியிடம் அழுதிருக்கிறாள். அப்படியானால் ஏன் சொன்னாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் வாக்குமூலத்தில் இருக்கிறது. சாத்தானின் புத்தகத்தில் கை வைத்தேன் என்று போதகர் நாய்ஸிடம் ஒரு தடவை சொன்னால் நம்பிவிடுவார், வைக்கவில்லை என்று உண்மையை நூறு தடவை சொன்னாலும் நம்பமாட்டார். அந்த எஜமானர், ஜார்ஜ் ஜேக்கப்ஸ், இரண்டு கைத்தடி ஊன்றி நடந்த கிழவர். ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

பனையோலை:

சர்ச்சில் கதை எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளை மட்டும் என் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிறேன். மற்றவர்கள் இருக்கட்டும்.

எனக்கு இதைப் படிக்கும்போது எங்கள் தெருவில் மை போட்டுப் பார்த்தது ஞாபகம் வருகிறது. எனக்கு அப்போது எட்டு வயது. எதிர் வீட்டில் சங்கிலி காணாமல் போனது. மை போடுகிறவர் வந்து வெற்றிலையில் தடவி ஒரு பையனைப் பார்க்கச் சொன்னார். பையன், "ஒரு பொம்பளை தெரியுது, தூக்குவாளி வச்சிருக்கு" என்றான். தூக்குவாளியோடு அந்தத் தெருவுக்கு வருகிறவர் ஒருவர்தான், பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா. யாரும் போலீஸுக்குப் போகவில்லை, அடிக்கவும் இல்லை. அடுத்த நாளிலிருந்து ஒரு வீட்டிலும் அவரை வாசல் தாண்ட விடவில்லை. சங்கிலி கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. எங்கள் பாட்டி சாகும்வரை "அவதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பையனைக் கேட்டால் இப்போது சிரிக்கிறான். முதல் நாள் அவர் அவனை ஏதோ திட்டியிருந்தாராம்.

நீலாம்பல்:

அந்த அக்கா அப்புறம் எங்கே போனார்?

பனையோலை:

தெரியாதம்மா. நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

கறுப்புக்கோட்டு:

இழைத் தலைப்பின் கேள்விக்கு வருகிறேன். ஏன் ஒப்புக்கொண்டவர்களை விட்டுவைத்தார்கள்?

இரண்டு காரணம். ஒன்று, சாத்தானை விட்டு வந்தவர் மனந்திரும்பியவர், அவருக்குக் கடவுள் முன் இடம் உண்டு என்பது அவர்கள் மதம். இன்னொன்று, நம் ஊர் அப்ரூவர் மாதிரி. ஒப்புக்கொண்டவர் சும்மா ஒப்புக்கொள்ள முடியாது. கூட்டத்தில் வேறு யார் யாரைப் பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். டிட்டுபா மார்ச் முதல் இரண்டு நாளில் ஆரம்பித்து வைத்தாளே, கறுப்பு நாய், மஞ்சள் பறவை, சாத்தானின் புத்தகத்தில் ஒன்பது கையெழுத்து என்று. ஒன்பது பேரில் மூன்று பேர்தான் பிடிபட்டிருக்கிறார்கள், மிச்சம் ஆறு பேர் யார்? ஊர் முழுக்க அன்றைக்கு ராத்திரி அதைத்தான் யோசித்திருக்கும்.

பக்கத்து ஊரான ஆண்டோவரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டினார்கள். அங்கே நடந்தது தொடு சோதனை. கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து, வலிப்பில் துடிக்கிற பெண்ணின் மேல் கையை வைப்பார்கள். துடிப்பு நின்றால், விஷம் உடையவளிடமே திரும்பிப் போய்விட்டது, இவள்தான் குற்றவாளி. அந்தப் பெண்கள் சிலர் பிற்பாடு சேர்ந்து எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்தால் நெஞ்சு கனக்கும். நீ சூனியக்காரிதான், உனக்குத்தான் தெரியவில்லை என்று அதிகாரிகள் சொல்லிச் சொல்லி, கடைசியில் தங்களுக்கே தங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்கிறார்கள். ஒப்புக்கொள், அதுதான் உயிர் பிழைக்க ஒரே வழி என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்களே.

சாமுவேல் வார்ட்வெல் என்பவர் ஒப்புக்கொண்டார், அப்புறம் மனசு கேட்காமல், நான் சொன்னது பொய் என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். செப்டம்பர் 22 அன்று தூக்கு. ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் மாதம் ஒப்புக்கொண்டவர்கள் சிலருக்கும் மரண தண்டனை விதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிறைவேற்றுவதற்குள் நீதிமன்றம் கலைந்தது. கலையாமல் போயிருந்தால் ஒப்புக்கொண்டவர்களும் எத்தனை நாள் தாங்கியிருப்பார்களோ.

திண்ணைவாசி:

ரெபெக்கா நர்ஸ் பற்றிப் பனையோலை அம்மா பாதியில் விட்டுவிட்டார், நான் முடிக்கிறேன். 71 வயது, சபையில் மதிப்புள்ள கிழவி. அவர் நல்லவர் என்று 39 அக்கம்பக்கத்தார் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அப்படிக் கையெழுத்துப் போடுவது தன் கழுத்தையே நீட்டுவது மாதிரி. ஜூரியும் குற்றவாளி இல்லை என்றே முதலில் தீர்ப்புச் சொன்னது.

உடனே பெண்கள் அலறத் தொடங்கினார்கள். ஸ்டௌட்டன் ஜூரியிடம், கைதி சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொண்ட ஒருத்தியைச் சாட்சியாகக் கொண்டுவந்தபோது நர்ஸ், "இவள் எங்களில் ஒருத்தி ஆயிற்றே" என்று சொல்லியிருந்தார். சூனியக்காரிகளில் ஒருத்தி என்றுதானே அர்த்தம்? ஜூரித் தலைவர் அவரிடமே திரும்பி, என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று கேட்டார். கிழவி பதில் சொல்லவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு மாறியது.

பதில் சொல்லாததற்குக் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. அவருக்குக் காது மந்தம், துக்கத்தில் வேறு இருந்தார், கேள்வி கேட்டதே தெரியவில்லை. எங்களோடு சிறையில் இருந்தவள் என்ற பொருளில் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தார். கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தார், நெருக்கடி வந்ததும் அதையும் திரும்பப் பெற்றார். ஜூலை 19 அன்று தூக்கு. அதே நாளில் சாரா குட்டும். போதகர் நாய்ஸ் ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தியபோது சாரா குட், நீ மந்திரவாதி என்றால் நானும் சூனியக்காரி, என் உயிரை எடுத்தால் கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார் என்றார்.

கோட்டைச்சுவர்:

இந்த இழையில் யாராவது சொல்வார்கள் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன். சேலத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது, மாம்பழம் இல்லாமலே.

1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் நாத்தானியேல் ஹிக்கின்சன். ஹார்வர்டில் படித்தவர். அவருடைய அப்பா ஜான் ஹிக்கின்சன் யார் தெரியுமா? சேலம் நகரச் சபையின் மூத்த போதகர். திண்ணைவாசி சொல்கிற அந்த நாய்ஸ், அவருக்குக் கீழே இருந்த இளைய போதகர்.

இன்னும் இருக்கிறது. 1692 ஜூன் மாதம் அந்தப் பெரியவரின் மகள், அதாவது நம் மேயரின் உடன்பிறந்தவள், ஆன் டாலிவர் மேலேயே சூனியக் குற்றச்சாட்டு வந்தது. கணவன் விட்டுவிட்டுப் போய், அப்பா வீட்டில் இருந்த பெண். விசாரணையில், பதினான்கு வருடத்துக்கு முன்னால் மெழுகுப் பொம்மை ஒன்றோ இரண்டோ செய்தேன் என்று ஒப்புக்கொண்டாள். தனக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, வைத்தவரைத் திருப்பித் தாக்க அதுதான் வழி என்று ஏதோ புத்தகத்தில் படித்தாளாம். அவளைத் தூக்கிலிடவில்லை. இன்னொரு சகோதரர், அவர் பெயரும் ஜான், அதே வருடம் நீதவானாக உட்கார்ந்து மற்றவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் போதகர், நீதவான், குற்றம் சாட்டப்பட்டவள்.

அந்த அக்டோபரில் சேலம் நீதிமன்றம் கலைந்தது. அதே அக்டோபரில் எலைஹு யேலை இறக்கிவிட்டு செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் பதவிக்கு வந்தவர் நாத்தானியேல் ஹிக்கின்சன். வீட்டுச் செய்தி கப்பலில் வந்து சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி பெஞ்ச்:

யோவ்! இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?

நீலாம்பல்:

கோட்டை சார், கும்பிடு.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய சண்டைகளும் இதில் இருந்திருக்க வேண்டுமே? சும்மா ஒரு கிராமம் இப்படி வெறி பிடித்து ஆடாது.

பனையோலை:

இருந்ததம்மா, நிறையவே. போதகர் பாரிஸுக்குச் சம்பளம், விறகு கொடுப்பதிலேயே ஊர் இரண்டுபட்டிருந்தது. விறகு வரவில்லை என்று பிரசங்க மேடையிலேயே புலம்புகிறவர். புட்னம் குடும்பம் அவர் பக்கம். தாமஸ் புட்னம் கொடுத்த புகார்கள் ஏராளம், அவருடைய பன்னிரண்டு வயது மகள் ஆன்தான் சாட்சிகளில் முக்கியமானவள். நர்ஸ் குடும்பத்தோடு அவர்களுக்கு நில எல்லைத் தகராறும் உண்டு.

வடக்கே மேய்ன் பக்கம் பூர்வகுடிகளோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் போர் நடந்துகொண்டிருந்தது. புட்னம் வீட்டு வேலைக்காரி மெர்சி லூயிஸ் அந்தப் போரில் பெற்றோரை இழந்து வந்தவள். அங்கே சில காலம் அவளை வைத்திருந்தவர் ஜார்ஜ் பரோஸ், சேலம் கிராமத்தின் முன்னாள் போதகர். அவரையே சூனியக் கூட்டத்தின் தலைவர் என்று இழுத்துவந்தார்கள். தூக்கு மேடையில் அவர் பரமண்டல ஜெபத்தைத் தப்பில்லாமல் சொன்னார். சூனியக்காரரால் அது முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டம் சலசலத்தது, அழுதது. குதிரைமேல் இருந்த காட்டன் மாதர் என்ற போதகர், சாத்தான் ஒளியின் தூதன் வேஷத்திலும் வருவான் என்று கூட்டத்தை அடக்கினார். அவரோடு அன்றைக்குக் கொண்டுவரப்பட்ட மற்ற நால்வரும் தொங்கினார்கள், அதில் புராக்டரும் ஒருவர்.

இதைத் தட்டச்சு செய்யும்போதே நான் முதலில் சொன்ன "அவ்வளவுதான்" கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. சரி, போகட்டும்.

கறுப்புக்கோட்டு:

சொத்து பறிமுதல் பற்றி யாரும் பேசவில்லை. ஷெரிஃப் ஜார்ஜ் கார்வின், விசாரித்த நீதவான் கார்வினின் உறவினர். புராக்டருக்குத் தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய் மாடுகளை ஓட்டினார். பீப்பாயில் இருந்த பீரைக் கீழே கொட்டிவிட்டுப் பீப்பாயை எடுத்துக்கொண்டார். அடுப்புப் பானையில் இருந்த சாற்றைக் கொட்டிவிட்டுப் பானையையும் தூக்கிக்கொண்டார். வீட்டில் இருந்தது பிள்ளைகள் மட்டும்.

கைல்ஸ் கோரி என்ற எண்பது வயதுக் கிழவர் விசாரணைக்கு உட்பட மறுத்தார். சொத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று கதை சொல்வார்கள். அவர் ஜூலையிலேயே மருமகன்களுக்கு எழுதிவைத்துவிட்டார். எனக்குத் தோன்றுவது, அதுவரை அந்த நீதிமன்றத்தில் விசாரணைக்கு நின்ற ஒருவர்கூடத் தப்பவில்லை என்பதை அவர் பார்த்திருந்தார். மேலே கற்களை அடுக்கி அடுக்கி, செப்டம்பர் 19 அன்று கொன்றார்கள். மார்ச்சில் தன் மனைவி மார்த்தாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவரும் இவரேதான். மூன்று நாள் கழித்து மார்த்தாவையும் தூக்கிலிட்டார்கள்.

கடைசி பெஞ்ச்:

எப்படி நின்றது இதெல்லாம்?

திண்ணைவாசி:

பெரிய இடங்களில் கை வைத்தபோது. கவர்னரின் மனைவி பெயரே அடிபட்டது. அக்டோபரில் இன்க்ரீஸ் மாதர் (காட்டனின் அப்பா), ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துச் சூனியக்காரிகள் தப்பிப்பது மேல் என்று எழுதினார். ஃபிப்ஸ் அக்டோபர் 29 அன்று நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஜனவரியில் புதிய நீதிமன்றம், ஆவிச் சாட்சியம் கிடையாது. கிட்டத்தட்ட எல்லாரும் விடுதலை. தண்டனை பெற்ற மூன்று பேரையும் தூக்கிலிடவில்லை.

நீலாம்பல்:

அதோடு அவர்கள் பாடம் கற்றுக்கொள்ளவில்லை. 1741-இல் நியூயார்க்கில் கோட்டை தீப்பற்றியது, இன்னும் சில இடங்களிலும் தீ. கறுப்பின அடிமைகள் சதி என்று பேச்சு. துப்புக் கொடுத்தால் 100 பவுண்டு என்று அறிவித்தார்கள். மேரி பர்ட்டன் என்ற 16 வயது வேலைக்காரி சாட்சி சொல்ல ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. 13 கறுப்பின ஆண்களை எரித்தார்கள், 17 பேரைத் தூக்கிலிட்டார்கள், வெள்ளையர் நான்கு பேர் தூக்கில், எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் நாடுகடத்தல். கடைசி பெஞ்ச் தம்பி கேட்ட எரிப்பு அங்கே நடந்தது, அதுவும் அடிமைகளுக்கு மட்டும். அங்கேயும் ஒப்புக்கொண்டு அடுத்தவர் பெயரைச் சொன்னவர்கள் பிழைத்தார்கள். மாசசூசெட்ஸ்காரர் ஒருவர் பெயர் போடாமல் கடிதம் எழுதினார், இதைப் பார்த்தால் எங்கள் 1692 ஞாபகம் வருகிறது என்று. மேரி பர்ட்டன் பெரிய மனிதர்களைக் கை காட்டத் தொடங்கியதும்தான் அதுவும் அடங்கியது.

பனையோலை:

சேலத்தில் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

கறுப்புக்கோட்டு:

நீதிபதிகளில் சாமுவேல் சூவல் மட்டும், 1697 ஜனவரி 14. பாஸ்டன் சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார், அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் வாசித்தார். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் மன்னிப்பு எழுதினார்கள். ஆன் புட்னம் 1706-இல், சபையில். ஸ்டௌட்டன் கேட்கவே இல்லை. பிற்பாடு பொறுப்புக் கவர்னராகவே இருந்துவிட்டுப் போனார்.

1711-இல் 22 பேர் மேல் இருந்த தீர்ப்பை ரத்து செய்து, 578 பவுண்டு 12 ஷில்லிங் நஷ்டஈடு ஒதுக்கினார்கள். எலிசபெத் ஜான்சன் என்ற பெண், பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டீர்கள் என்று அப்போதே மனுக் கொடுத்தாள். 2022-இல்தான் சேர்த்தார்கள், அதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு ஆசிரியையோடு சேர்ந்து விடாமல் கேட்டதால். நம் ஊர் மனு விசாரணை எவ்வளவோ பரவாயில்லை.

கடைசி பெஞ்ச்:

முதலில் ஒப்புக்கொண்டாளே டிட்டுபா, அவள் என்ன ஆனாள்? அவளும் பிழைத்தாளா?

திண்ணைவாசி:

பிழைத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் சிறை. 1693 மே மாதம், வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை என்று விட்டார்கள். ஆனால் வெளியே வர முடியவில்லை. அந்தக் காலத்தில் கைதியின் சாப்பாடு, விலங்கு எல்லாவற்றுக்கும் கைதியே காசு கட்ட வேண்டும், விடுதலை ஆனவரும் கட்டினால்தான் கதவு திறக்கும். லிடியா டஸ்டின் என்ற கிழவி விடுதலை கிடைத்த பிறகும் காசு இல்லாமல் உள்ளேயே செத்தார். டிட்டுபாவின் காசைப் பாரிஸ் கட்ட மறுத்துவிட்டார். அடித்து ஒப்புக்கொள்ள வைத்ததே அவர்தான் என்று அவள் பிற்பாடு சொன்னதாக ஒரு பதிவு உண்டு. யாரோ சிறைக் கட்டணத்தைக் கட்டி அவளை வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கியவர் பெயர் எங்கும் இல்லை. அதற்கப்புறம் அவளும் எந்தப் பதிவிலும் இல்லை.

சாரா குட்டின் மகள் டாரத்தி, நாலு அல்லது ஐந்து வயது. அவளையும் விலங்கு போட்டு எட்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 1710-இல் அவளுடைய அப்பா கொடுத்த மனுவில், அவளுக்குப் புத்தி நிலையில்லை, அன்றிலிருந்து அவளால் எனக்குப் பெரிய செலவு என்று இருக்கிறது. அவருக்கு 30 பவுண்டு கொடுத்தார்கள். சாரா குட்டுக்குக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது, அது சிறையிலேயே செத்தது.

பாஸ்டன் சிறைக் காவலர் அரசாங்கத்துக்குக் கொடுத்த பில் இருக்கிறது. அதில் இரண்டு வரி. சாரா குட், சாரா ஆஸ்போர்ன் இருவருக்கும் சங்கிலி, 14 ஷில்லிங். சாரா குட்டின் குழந்தைக்குப் போர்வை இரண்டு, 10 ஷில்லிங்.